பூட்டிய வீட்டுக்குள் என் பாஸ்போட்

அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து, வயல் எடுத்துக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் இஞ்சினியர் பட்டம் எடுத்திருந்தேன். இங்கிலாந்தில் கொம்பியூட்டர் எந்திரவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்க இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை கொழும்பில் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் மூன்று கிழமைக்குப் பிறகுதான். குறித்த நாளில் வந்து பதியாவிட்டால் இடம் இன்னொருவருக்கு என்று பல்கலைக்கழகக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை எத்தனை தரம் வாசித்திருப்பேனோ தெரியாது.

கொம்பியூட்டர் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே படத்தில் பார்த்த பழக்கம்தான். அம்மா மட்டும் கேட்டவர்களுக்கெல்லாம், "தானாக் கணக்குச் செய்யிற மிசினாம், அதைப் படிக்கப் போறான்" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தா.

நான் கொழும்புக்கு ரயில் கோச்சி ஏற வேண்டிய வியாழக்கிழமை அட்டமி. அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றா. அட்டமியில் புறப்படக் கூடாதாம். அதற்கு ஒரு வழியும் அவவிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை நல்ல நேரத்தில், பயணச் சாமான் ஒன்றைப் போகிற திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அன்றைக்கே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று சொல்லுவா. வைத்த சாமான் திரும்ப வீட்டுக்கு வரக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும்.

எனக்கு எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். மிசின் படிக்கப் போகிறவனுக்கு அட்டமியும் நவமியுமா? ஒரு பழைய சேர்ட்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

"உந்தப் பகிடியெல்லாம் வேண்டாம். பயணத்துக்கு உண்மையா வேணுமெண்ட சாமானைத் தா" என்றா அம்மா.

வந்த கோபத்தில் என் மண்ணிறத் தோல் பையை அப்படியே எடுத்து நீட்டினேன். "இந்தாங்கோ. என்ர உயிரே இதுக்குள்ளதான் கிடக்கு. கொண்டுபோய் வையுங்கோ." பாஸ்போட், கப்பல் டிக்கெட், அனுமதிக் கடிதம் எல்லாம் அதற்குள் இருந்தன. அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பா.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் கட்டை தெற்கே, றோட்டோரமாக, எங்களிடம் நெல் வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் வீடு இருந்தது. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் எல்லாருக்கும் அவர் நானா. அம்மாவும் நானுமாகப் போய் அங்கே பையை வைத்தோம். எந்தக் கோச்சியில் போகிறேன், ஏன் வைக்கிறோம், ஏன் திரும்ப எடுத்துப் போகக் கூடாது என்றெல்லாம் அம்மா அவருக்கு விளக்கிச் சொன்னா. அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுப் பையை அலுமாரிக்குள் வைத்தார்.

வியாழன் பகல் ஐயாவும் அம்மாவும் பெட்டியோடு மாட்டு வண்டிலில் நேரே ஸ்ரேசனுக்குப் போனார்கள். நான் பையை எடுக்கச் சைக்கிளில் நானா வீட்டுக்குப் போனேன். கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது. பக்கத்து வளவில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த மனுசி, "செட்டிகுளத்தில அவற்ற மூத்த சகோதரி மோசம் போயிட்டாவாம், செத்தவீடு. விடிய வெள்ளன குடும்பத்தோட லொறியில போயிட்டினம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

கோச்சிக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்தான். நான் என்ன செய்தேன் என்று எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வேலியோரம் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துப் பின்பக்க அடுப்படிக் குசினிக் கதவின் கொண்டியை நெம்பி உடைத்தேன். உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். பை இல்லை! சேலைகளை இழுத்துப் போட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டியைக் கூடக் கவிழ்த்தேன். இல்லை. மரண வீட்டுக்குப் போன மனுசன் என் பாஸ்போட்டை என்னத்துக்குக் கொண்டு போனார்? விற்கவோ? சீ, அப்படியும் நினைத்தேன். கலைத்ததை அடுக்கக்கூட நிற்காமல், கதவைச் சும்மா சாத்திவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

ஸ்ரேசனில் ஐயாவிடம் வீடு பூட்டு, நானா செட்டிகுளத்துக்குச் செத்தவீட்டுக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னேன். அம்மாவை எல்லாருக்கும் முன்னால் ஏசினேன். ஐயாதான், "ஏறு. வவுனியாவில இறங்கிச் செட்டிகுளம் பஸ்ஸைப் பிடி. நானாவைக் கண்டுபிடிச்சுக் கேள்" என்று என்னைத் தள்ளி ஏற்றினார்.

கோச்சியில் கதவடியிலேயே நின்றேன். செட்டிகுளத்தில் எந்த வீடென்று தெரியாது. அவரைக் கண்டுபிடித்தாலும் பை அவரிடம் இல்லாவிட்டால்? சனிக்கிழமைக்குள் புதுப் பாஸ்போட் யார் தருவார்? அட்டமியைப் பகிடி பண்ணிய நான், முறிகண்டிக் கோவிலைக் கடந்தபோது அந்தப் பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்தேன் என்றால் பாருங்களேன்.

வவுனியாவில் கோச்சி நிற்க முன்னமே குதிக்க ஆயத்தமானேன். பிளாட்போமில் ஒரு மனுசன் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடி வந்தார். நெஞ்சோடு அணைத்தபடி என் தோல் பை. நானா!

சகோதரியை அடக்கம் செய்துவிட்டு நேரே பஸ் ஏறி வந்திருக்கிறார். முகம் வாடிக் கிடந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"பூட்டின வீட்டில விட்டிட்டுப் போக மனம் கேக்கேல்ல தம்பி. வைச்ச இடத்தால எடுத்திட்டன் எண்டு அம்மா மனவருத்தப்படுவாவோ? நான் உங்கட வீட்டுப் பக்கம் கொண்டுபோகேல்ல. நீங்கள் போற பக்கமாத்தான் கொண்டந்தனான் எண்டு சொல்லுங்கோ."

உங்கள் கதவை உடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நேரம் இருந்தது. கோச்சி ஐந்து நிமிடம் நின்றது. நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டி அனுப்பினார்.

இங்கிலாந்தில் நிம்மதியாக ஒரு நாள் படிக்கவில்லை. அட்டையில் துளை போட்டு மிசினுக்குக் கொடுத்தால், ஒரு துளை பிழைத்தாலும் அது திருப்பித் தள்ளிவிடும். மற்றப் பெடியன்கள் அதற்குப் பயந்தார்கள். நான் ஐயாவின் கடிதத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதத்தில் வந்தது.

"நானா வீட்டுக் குசினிக் கதவைக் கள்ளர் உடைத்திருக்கிறார்கள். ஒன்றும் களவு போகவில்லை. உன்னுடைய பைக்காகத்தான் கள்ளன் வந்தவன், நல்ல காலம் நான் கொண்டு போனேன் என்று அவர் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சந்தோசப்படுகிறார். அவருடைய மனுசிதான் பாவம். பயத்தில் நித்திரை இல்லையாம். பிள்ளைகளும் அறையை விட்டுத் தனிய வருகினமில்லையாம்" என்று ஐயா எழுதியிருந்தார்.

மிசின் அறைக்கு வெளியே நின்று வாசித்தேன். அப்படியே படியில் இருந்துவிட்டேன். எழுதுவதும் கிழிப்பதுமாக ஒரு கிழமை போனது. கடைசியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் நானாவுக்கு எழுதினேன். அவர் பேசட்டும், ஐயாவிடம் சொல்லட்டும், இனி எங்கள் நெல்லே வேண்டாம் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

பதில் ஒரு சின்னத் தாளில் வந்தது. இரண்டே வரி. "தம்பி, கள்ளன் இல்லை என்று அறிந்து வீட்டில் எல்லோரும் நேற்றுத்தான் நிம்மதியாகப் படுத்தார்கள். இதை முந்தி எழுதியிருக்கலாமே."

பட்டம் எடுத்தேன், பெரிய பெரிய மிசின்களோடு வேலையும் செய்தேன். ஆனாலும் ஐந்து நிமிடம் நின்ற ஒரு கோச்சியில் என் வாய் திறந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அத்தனை மாதம் பயந்திருக்க மாட்டார்களே என்று நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் நெஞ்சு சுடுகிறது.