வாழைமரத்துக்குக் கேட்காத அம்பு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒரு வாழைமரத்துக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று மெனக்கெட்டு வேலை பார்த்த ஆள் நான்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. காரணத்துக்குப் பெயர் மச்சினன்!

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வில்லும் கையுமாக நிற்கும் தன் பழைய போட்டோவைப் போட்டு, கீழே ‘வேட்டைக்காரன் ரத்தம்’ என்று எழுதியிருக்கிறான். சொந்தபந்தமெல்லாம் கைதட்டியிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போனவன் லீவில் காரைக்குடி வந்து இறங்கினான். மற்றவர்கள் சென்ட், சாக்லேட் கொண்டு வருவார்கள். இவன் வேட்டை வில் கொண்டு வந்தான்!

(மானகிரிப் பக்கம் என் மாமனார் ஊரில் வேட்டையாட என்ன இருக்கிறது? கருவேலங்காட்டில் ஓணான் இருக்கிறது. அது கல்லுக்கே சிக்கிவிடும்.)

ஆனால் விஜயதசமியன்று மகர்நோன்புத் திருவிழா வந்தது.

அன்றைக்குச் சாமி குதிரை வாகனத்தில் பொட்டலுக்கு வரும். அங்கே நட்டு வைத்த வாழைமரத்தில் சாமி சார்பாகக் குருக்கள் அம்பு போடுவார். அப்புறம் அந்த வருஷத் திருவிழாச் செலவை ஏற்கும் மண்டகப்படிக்காரர் வீட்டில் ஒருவர், ஒரே ஒரு அம்பு போடலாம்.

அந்த வருஷ மண்டகப்படி என் மாமனாருடையது.

போதாக்குறைக்கு, தேவகோட்டையிலிருந்து பெண் வீட்டார் மச்சினனை மாப்பிள்ளை பார்க்க வருவதும் அன்றுதான். பையன் அம்பு போடுகிற அழகிலேயே சம்பந்தம் முடிந்துவிடும் என்று மாமனாருக்கு ஒரு நினைப்பு.

கொல்லையில் ஒத்திகை நடந்தது. அந்த வில்லில் அம்பைத் தாங்க, இரண்டு விரல் விரித்த மாதிரி ஒரு குட்டிக் கவை உண்டு. நாணை இழுத்தால் எழுந்து அம்பை ஏந்தும். விட்டதும், இறகில் இடிக்காமல் தானே கீழே விழுந்துவிடும்.

விழும்போதுதான் ‘டக்’.

அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்: “என்னடா, அதுக்குள்ள ஒடிச்சுப்புட்டியா?”

மச்சினன் முகம் சுண்டிவிட்டது.

“அத்தான், இந்தச் சத்தத்தைக் கொறைக்கணும். மான் காதுல விழுந்தா ஓடிரும்.”

“மாப்ள, அது வாழைமரம்டா. அது எங்குட்டு ஓடும்?”

“அதுக்கில்லத்தான். அம்பு போடையில மேளத்தை நிப்பாட்டிருவாகல்ல? பொண்ணு வீட்டுக்காரவுக காதுல டக்குன்னு விழுந்தா, ஓட்டை வில்லுன்னு நெனைக்க மாட்டாகளா?”

(மானைப் பற்றிய கவலை அவ்வளவுதான்!)

நாணில் சத்தத்தை அடக்க அவனே ரப்பர் மீசை கட்டியிருந்தான். கவை என் பொறுப்பு. சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி, கவையின் இரண்டு விரலுக்கும் மாட்டினேன். அம்பு உரசும் சத்தம் நின்றது. ‘டக்’ நிற்கவில்லை. கவை விழும் இடத்தில் டயர் டியூப் துண்டை ஒட்டினேன். கவை பந்து மாதிரி துள்ளி எழுந்தது! அமெரிக்காவில் இதற்கென்றே மெத்தென்று ஒட்டுத்துணி விற்பார்களாம். இங்கே எங்கே போக?

அப்போதுதான் பீரோ கண்ணாடியைப் பார்த்தேன்.

ஸ்டிக்கர் பொட்டு! மெரூன் கலர் வெல்வெட். பின்னால் பசை வேறு!

“ஏங்க, என் பொட்டைக் கொண்டுபோயி அந்த எழவுல ஒட்டி வச்சிருக்கீகளே, புத்தி இருக்கா?”

“ஒந் தம்பி கல்யாணத்துக்குத்தான்டி.”

“அப்பப் பெரிய சைசா ஒட்டுங்க!”

ஒட்டினேன். கவை தலையணையில் தலை சாய்ப்பது போல விழுந்தது. சத்தமே இல்லை.

மகர்நோன்பு. பொட்டல் கொள்ளாத கூட்டம். சாமி அம்பு சதக்கென்று மரத்தில் இறங்க, குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. அடுத்து நம் வேட்டைக்காரன், கூலிங் கிளாஸோடு. (பொழுது சாய்கிற நேரத்தில்!)

மேளம் நின்றது. இழுத்தான். விட்டான்.

ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் காத்திருந்தது. அவன் கைதட்டலுக்குக் காத்திருந்தான். நாதஸ்வரக்காரர் ஊதுவதா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

“தம்பி, நேரம் ஆறது. சட்டுனு விடுங்கோ!” என்றார் குருக்கள்.

“விட்டாச்சு சாமி.”

“எங்கே?”

மரத்தில் சாமி அம்பு மட்டும் நின்றது.

“அமெரிக்கா அம்பு அமெரிக்காவுக்கே போயிருச்சுடோய்!” என்று கூட்டத்தில் எவனோ கத்த, பொட்டலே சிரித்தது.

சிரிக்காதவர் பெண்ணின் அப்பா ஒருவர்தான். வேட்டியை இறுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“மாப்பிள்ளை அம்பு போட்டாரா, போடுற மாதிரி காட்டுனாரா? நீங்க சொல்லுங்க. நான் பொண்ணைக் குடுக்கணும்ல?”

மரத்தைக் காட்டலாம் என்று திரும்பினால் மரம் இல்லை! மேளம் மறுபடி முழங்கியதும் ஆளாளுக்கு அதைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். துண்டைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் செருகுவது அந்த ஊர் வழக்கம்.

என்னிடம் மிச்சம் இருந்தது வாய் மட்டும்தான்.

“மாமா, இது காட்டுப்பன்னியைத் தொளைக்கிற வில்லு. வாழை இதுக்கு வெண்ணெய் மாதிரி. இங்குட்டுப் போயி அங்குட்டு வெளிய வந்துருச்சு. சத்தம் ஏன் கேக்கலன்னா, இந்தா பாருங்க.”

மச்சினன் கையிலிருந்த வில்லை வாங்கி, வால்வு டியூபைக் காட்டினேன். பொட்டைக் காட்டினேன்.

மனுஷன் குனிந்து பொட்டையே பார்த்தார். தொட்டும் பார்த்தார்.

“யாரு பொட்டு?”

“எங்க வீட்டுக்காரி பொட்டு.”

பக்கென்று சிரித்துவிட்டார்.

“ஒரு டக்குச் சத்தத்துக்குக் குடும்பமே இம்புட்டு மெனக்கெட்டிருக்கீக. எம் பொண்ணு மொகஞ்சுளிச்சாத் தாங்க மாட்டீக போல. வந்து பூ வச்சுட்டுப் போங்க!”

ஆக, வில்லாளனுக்குப் பெண் கிடைத்தது என் வாயாலும் என் மனைவியின் பொட்டாலும். அதை அவன் எங்காவது சொல்கிறானா? மூச்சு விட மாட்டான்! அவன் கதையில் ஒரு வாழைமரம் இரண்டாகி, போன தீபாவளிக்கு மூன்றாகிவிட்டது. மூன்றையும் ஒரே அம்பு துளைத்ததாம்!

மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் அந்த அம்பு கிடந்தது. எடுத்தவன் நான்தான்.

இறகெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வாழைக்கறை துளிகூட இல்லை.