வளருதா, தேயுதா?

இலங்கையில் ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி நடத்திவந்தவர் கிருஷ்ணகுமாரி. முப்பது வயதைத் தாண்டிய பிறகு கணித ஆசிரியை ஆகவேண்டும் என்று ஆசை வந்து, சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இரத்தினபுரிக்குக் கலைச்செல்வி டீச்சரின் வகுப்புக்குப் போனார்.

அடுக்குக்குறிச் சமன்பாடுகள் தொடங்கியதும் அவருக்குத் தலை சுற்றியது. அடியிலுள்ள எண் ஒன்றைவிடப் பெரிதென்றால் வளர்ச்சி, சிறிதென்றால் தேய்வு என்றார் டீச்சர். அதுவரை சரி. பிறகு அரையை எழுதி, அதன் தலையில் அடுக்காக சய x என்று சுட்டி போட்டார். மைனஸைத்தான் அங்கே சய என்பார்கள். அரையே சின்னது, மேலே சய வேறு. சந்தேகமே இல்லாமல் தேய்வு என்று எழுதினார் கிருஷ்ணகுமாரி. டீச்சர் பிழை போட்டார்.

"கொறையிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கே, பிறகு எப்படிங்க டீச்சர் வளருது?"

டீச்சர் விளக்கியது ஏறவில்லை. அதே வகுப்புக்கு வந்த றிப்தா, புடவைக்கடைக்காரர் மகள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாள்; இரண்டு சய சேர்ந்தால் சக, அதாவது பிளஸ், ஆகும் என்றாள். ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு சய. வீட்டில் கணவர் சசியைக் கேட்டார். சய இருந்தால் குறையும், இதிலென்ன குழப்பம் என்று அவர் வேலைக்குப் போய்விட்டார். புரிந்திருந்த கொஞ்சமும் போயிற்று.

மறுநாள் துணியை ஊறவைத்துவிட்டு, விதிகளை ஒதுக்கி, xக்கு எண்களைப் போட்டுப் பார்த்தார். பூச்சியத்துக்கு ஒன்று வந்தது. ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு. நம்பாமல் திரும்பச் செய்தார். சய அரையைத் தலைகீழாக்கி இரண்டாக மாற்றியிருந்தது. இரண்டின் தலையில் அதே சயவை வைத்தபோது ஒன்று, அரை, கால் என்று தேய்ந்தது.

அந்தத் தெளிவு அடுத்த சனிக்கிழமை வரைதான். சய ஐந்தை இரண்டின் x அடுக்கால் பெருக்கினால் சய ஐந்து, சய பத்து, சய இருபது. இது வளர்ச்சியா, தேய்வா என்று டீச்சரைக் கேட்டார் கிருஷ்ணகுமாரி. டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டே, பரீட்சைக்கு இது வராது என்றார்.

வரவும் இல்லை. கிருஷ்ணகுமாரி சித்தியடைந்து இப்போது பாடசாலையில் படிப்பிக்கிறார். ஆனால் பஸ்ஸில் றிப்தாவைக் கண்டால் பேச்சு அந்தச் சய ஐந்துக்குத்தான் போகிறது.

"கீழதானே போகுது டீச்சர்" என்பாள் றிப்தா.

"பெருசாகிக்கிட்டேல்ல கீழ போகுது" என்பார் இவர்.