வெற்றிலை பிடிக்கத் தெரியாத கேப்டன்

பர்மா எல்லையில் மூன்று வருஷம் பட்டாளத்துக்கு அரிசியும் பருப்பும் அனுப்பிவிட்டு, கேப்டன் பட்டத்தோடு ஊர் திரும்பினேன். சண்டை முடிந்ததும் எங்களைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாசரேத்தில் அப்பாவைப் போல வாத்தியாராக எனக்கு இஷ்டமில்லை. தூத்துக்குடியில் ஒரு வெங்காயக் கமிஷன் மண்டியில் மேனேஜராகச் சேர்ந்தேன்.

மண்டிக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கப்பல் கம்பெனி வெள்ளைக்காரன் வந்தால் நான் ‘நம்ம கேப்டன்’. அவன் படியிறங்கியதும், “ஏலே, அந்த விசிறிய எடு.” வாசலில் கட்டிய வாழைமரத்துக்கு என்ன வேலையோ அதுதான் எனக்கும்.

வெங்காயம் கொழும்புக்குப் பாய்த்தோணியில் போகும். தோணியை ஓட்டுகிறவர் தண்டல். தோணி வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்டார் என்றால் பேச்சு முடிந்தது. பிறகு எவன் இரட்டிப்பு வாடகை தந்தாலும் அந்தத் தோணி அவனுக்குக் கிடைக்காது. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. முதல் தடவை தோணி பேசப் போனபோது, பட்டாளத்து வழக்கப்படி ஒப்பந்தத்தை மூன்று பிரதி டைப் அடித்துக்கொண்டு போய் ஒரு தண்டலிடம் கையெழுத்துக் கேட்டேன். “என் வாக்குல சந்தேகமாய்யா?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சுமைகாரர்களையெல்லாம் கூட்டிவைத்து அண்ணாச்சி சொன்னார்: “துப்பாக்கி பிடிச்ச கைக்கு வெத்தில பிடிக்கத் தெரியல. இவரு ஜப்பான்காரன எப்படிலே வெரட்டினாரு?” சிரித்தார்கள். பிறகு, வெயிலில் கிடந்த தன் செருப்பை எடுத்து நிழலில் போடச் சொன்னார். போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். அன்று மத்தியானமே வேலையை விட்டேன்.

சொந்தமாகக் கருவாடும் கருப்பட்டியும் அனுப்ப ஆரம்பித்தேன். வியாபாரம் சுமார்தான், வன்மம்தான் நன்றாக வளர்ந்தது. கையெழுத்துக் கேட்ட தண்டலிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மற்ற தண்டல்களையும் வீடு வீடாகப் போய்ப் பழகிக்கொண்டேன். அண்ணாச்சி எப்போதும் வெற்றிலையைக் கடைசி நேரத்தில்தான் கொடுப்பார். தன் சரக்கு இல்லாமல் எந்தத் தோணி நிரம்பும் என்ற தெனாவெட்டு.

அவர் கிடங்கு நிரம்பும்வரை பொறுத்திருந்தேன். மற்றதெல்லாம் கொழும்புக்குப் போயிருக்க, அப்போது கரையில் நின்றவை ஐந்தே தோணிகள். ஒரே காலையில் ஐந்துக்கும் வெற்றிலை கொடுத்தேன். என் சரக்கு இரண்டு தோணிக்குத்தான் காணும். மற்ற மூன்றையும் சும்மா நிறுத்திவைக்கவே வாடகைக்குப் பிடித்தேன். நாலாம் நாள் மழை பிடித்தது.

அண்ணாச்சி குடையோடு என் கடைக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை.

“தம்பி, ஒரு தோணிய விட்டுக்குடுங்க. வெங்காயம் அழுகுது.”

“வெத்தில பிடிக்கக் கத்துக்கிட்டேன் அண்ணாச்சி” என்றேன்.

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கப் பார்க்கச் சுகமாக இருந்தது. அன்று இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன். நாலைந்து நாளில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. நான் மட்டும் வேண்டுமென்றே அந்தக் கிடங்கு வழியாகச் சுற்றிப் போவேன்.

மறுவாரம் விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரி ஒருவர், வெங்காயம் போடுகிறவர், என் கடை வாசலில் வந்து நின்றார்.

“மூணு தோணி சும்மா நின்னுச்சாமேய்யா. ஒண்ணுல எங்க வெங்காயம் போயிருக்கும்லா?”

“அது அண்ணாச்சி வெங்காயம்லா?”

“அவருக்குக் கமிஷன்தான். வித்தாத்தான் எங்களுக்குக் காசு. எங்க ஊரு மொத்த வெள்ளாமையும் அதுலதான் கெடந்துச்சு.”

பட்டாளத்தில் கிடங்கில் இருப்பதெல்லாம் கிடங்குக்காரன் பொறுப்பு. அதே புத்தியோடு, கமிஷன் மண்டியில் ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தும், அழுகுவது யார் உழைப்பு என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அண்ணாச்சிக்குப் போனது ஒரு சீசன் கமிஷன் மட்டும்தான். அவர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் அப்போதும் தீரவில்லை, இன்னும் கூடியது. ஆனால் எதிரே நின்றவர் அவர் இல்லையே. வந்தவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஐயாவுக்கு எங்க மேல என்ன கோவம்?”