அம்மா தேய்த்த வால்வு

கலூரில் காரைச் சர்வீஸுக்கு விடப் போனபோது மண்ணெண்ணெயும் இரும்புப்பொடியும் கலந்த வாசனை வந்தது. அடுத்த நொடி நான், இன்று பழம்பொருள் கடையாகிவிட்ட எங்கள் மட்டாஞ்சேரி வீட்டின் அடுக்களைக்குள் இருந்தேன்.

அத்தாவின் பழைய லாரி இழுவை இல்லாமல் நின்றுபோயிருந்தது. வொர்க்‌ஷாப்பில் விட்டால் நாளாகும் என்று எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவந்து, இஞ்சிச் சாக்கை விரித்து, வெளிச்சம் விழும் அடுக்களையிலேயே வைத்துக்கொண்டார். மீன்குழம்பிலும் மண்ணெண்ணெய் மணந்தது. நான்கு நாள் அம்மா அவரோடு பேசவில்லை. அத்தா வால்வில் உராய்வுப் பேஸ்ட் தடவி, ரப்பர் பிடி வைத்த குச்சியால் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி உருட்டித் தேய்க்கும் அந்தக் கரகரச் சத்தத்தில்தான் நானும் தங்கையும் பாடம் படித்தோம். பன்னிரண்டு வால்வில் பதினொன்று கசிவில்லாமல் இருக்கையில் படிந்துவிட்டது. கடைசி ஒன்று மட்டும், மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்கும்போதெல்லாம் கசிந்தது.

"தள்ளுங்க," என்று அம்மா உட்கார்ந்தாள். மோர் கடைவதைப்போல அழுத்தாமல், அவசரப்படாமல், மத்தியானம் முழுக்க உருட்டினாள். அத்தா மறுபடி ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"இது எப்பிடி புள்ளே?"

"நீங்க அமுக்கிக் கொல்லுறீங்க. சாயா குடிச்சிட்டு மாட்டுங்க."

லாரி கிளம்பிய அன்று, கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல்முறையாக அம்மாவை கேபினில் ஏற்றினார். தோப்பும்படிப் பாலத்தில் வண்டி வேகமெடுத்தது.

"பைய ஓட்டுங்க," என்றாள் அம்மா, "என் வால்வு உள்ள இருக்கு."

அத்தா வேகத்தைக் குறைத்தார்.