திங்கறப்ப யாரைக் கேட்டே?

மூட்டை நிறுக்கும் தராசின் மேல் என் அக்கா ஏறி நின்றதை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை. எண்பதுகளின் தொடக்கம், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வார்டில் இருந்த எடை மெஷினில் அக்கா ஏறியதும் முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டது. பெரிய டாக்டர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. "கிச்சன் ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போ. அரிசி மூட்டை போடற தராசு இருக்கும்" என்று ஆயாவிடம் சொன்னார். சுற்றி நின்ற மாணவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். தன்னைக் கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரித்துவிடுவது சின்ன வயதிலிருந்தே அவள் பழகிக்கொண்ட தற்காப்பு. ஸ்டோரில் ஒருவன் இரும்பு எடைக்கற்களை மாற்றி மாற்றி வைத்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். இறங்கி வந்தபோது சிந்திக் கிடந்த அரிசி அவள் உள்ளங்காலில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவளால் குனிய முடியவில்லை. நான்தான் குனிந்து தட்டிவிட்டேன்.

அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருந்தது. அவள் புருஷனை நாங்கள் பாவா என்று கூப்பிடுவோம். வீட்டிலேயே இரண்டு தறி. ஒன்றில் பாவா, மற்றொன்றில் அக்கா. லுங்கி நெய்வதில் அவள் கை பாவாவின் கையைவிட வேகம். முப்பது வயதுக்கு மேல் உடம்பு கட்டுமீறிப் போயிற்று. தறிக்குழியில் கால் இறக்கி உட்கார முடியவில்லை, முட்டி மடங்கவில்லை. அவள் தறி சும்மா கிடந்தது. நான் திருத்தணியில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஊர் அவளுக்கு ஒரே மருந்தைத்தான் சொல்லும்: "தினம் மலைப்படி ஏறி எறங்கு, தானா எளைச்சிடுவே." சொன்னவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் மேலே போய்ச் சாமி கும்பிடுகிறவர்கள். அக்கா ஏறிப் பார்க்காமல் இல்லை. என்னோடு தங்கி ஒரு மாதம் ஏறினாள். முட்டி இரண்டும் வீங்கியதுதான் மிச்சம்.

எங்கள் ஊர் லேடி டாக்டர்தான் சென்னைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு சர்ஜன் இதற்கென்றே ஆபரேஷன் செய்கிறாராம். சிறுகுடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சுருக்கமாக இணைத்துவிடுவார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் இளைத்துவிடும். கேட்க எளிதாக இருந்தது.

தராசுக்கு அனுப்பிய பெரிய டாக்டர்தான் அந்த சர்ஜன். அவரை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன். மரியாதை காரணமில்லை, கை பழகிவிட்டது. எங்கள் முன்னிலையிலேயே மாணவர்களிடம் இங்கிலீஷில் பேசினார். இது தனக்குக் கிடைத்த அருமையான கேஸ் என்றார். இந்த மாதிரிக் கிராமத்து ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி என்றும் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் புரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் அக்கா கேட்டாள். ஸ்டூல் கொள்ளாததால் நின்றுகொண்டேதான் கேட்டாள். "இன்னா டாக்டர், இத்த செஞ்சிகினா அப்பறம் எல்லார் மாதிரி சோறு துன்னலாமா? எதுனா ஆயிட்டா திரும்பச் சேத்துத் தெக்க முடியுமா?"

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "திங்கறப்ப யாரைக் கேட்டே? இப்ப மட்டும் எங்கிட்ட கேக்கறே?"

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பாவா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தினமும் நாற்பது பிள்ளைகளை அதட்டுகிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கோபித்துக்கொண்டு ஆபரேஷன் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். கையெழுத்துக்கு வந்தபோது காகிதத்தை பாவாவிடம் நீட்டினார்கள். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. சொன்னபடியே இளைத்தாள். ஒரே வருடத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. உள்ளே நடந்ததை நாங்கள் மட்டும் அறிவோம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை வெளியே போனாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கை கால் மூட்டெல்லாம் வலி. தறிக்குழியில் இப்போது தாராளமாக இறங்க முடிந்தது, ஆனால் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஒருமுறை டாக்டரைப் பார்க்கப் போகும் வழியில் கனகம்மாசத்திரம் அருகே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி வயலுக்குள் ஓடினாள். "இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன் ஏத்திகினு வர்றீங்க?" என்று கண்டக்டர் கத்தினான். வரப்போரம் என் முந்தானையைப் பிடித்து மறைப்புக் கட்டி நின்றேன். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

பெரிய டாக்டர் ஒவ்வொரு முறையும் எடையை மட்டும் குறித்துக்கொண்டார். "பிரமாதம்" என்பார். அக்கா வயிற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், "சொன்னபடி சாப்பிடறதில்லை, அதான்" என்று அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

பிறகு அழைத்து அனுப்பினார். டாக்டர்கள் கூடுகிற கூட்டமாம், அக்கா வந்து நிற்க வேண்டுமாம். போனோம். ஒரு பெரிய ஹால். மேடையில் அக்காவை நிறுத்திவைத்து அவர் அரைமணி நேரம் பேசினார். கடைசியில் பெருந்தன்மையாக, "யாருக்காவது சந்தேகம் இருந்தா நேரா அவங்களையே கேளுங்க" என்றார். இங்கே மட்டும் 'அவங்க'.

முன்வரிசையில் ஒருவர் தமிழில் கேட்டார், "இப்ப எப்படிம்மா இருக்கீங்க?"

அக்கா சிரிக்கவில்லை. அன்றுதான் முதல்முறையாக அவள் சிரிக்காமல் பேசுவதைப் பார்த்தேன். "எப்டி இருக்கேன்னு மொத மொதல்ல நீங்கதான் கேக்கறீங்க சார். விடிஞ்சா பொழுது போனா கக்கூசுல இருக்கேன். தறில ஏறணும்னுதான் அறுத்துகினேன். இப்ப தறியும் இல்ல, சோறும் இல்ல. இங்க நிக்கசொல்லவே எனக்கு அவசரமாத்தான் இருக்குது. இந்த டாக்டர்கிட்ட சொன்னா எழுதிக்க மாட்டேங்கறாரு. நீங்களாச்சும் எழுதிக்கங்க."

"கீழ கூட்டிட்டுப் போங்க" என்றார் பெரிய டாக்டர்.

தாழ்வாரத்தில் நாங்கள் நின்றிருந்தபோது கேள்வி கேட்ட அந்த ஆள் தேடிக்கொண்டு வந்தார். அவரும் சர்ஜன்தான், வேறு ஆஸ்பத்திரி, வயதில் சின்னவர். முதலில் கக்கூசுக்கு வழி காட்டினார். திரும்பி வந்ததும் பெஞ்சில் அவளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு காகிதத்தில் குடலை வரைந்தார். எதை ஒதுக்கியிருக்கிறார்கள், ஏன் இப்படி ஆகிறது என்று சொன்னார். திரும்பச் சேர்த்துத் தைக்க முடியும் என்றார். "ஆனா எடை திரும்பி வந்துடும்மா. மூட்டுவலி எவ்வளவு குறையும்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல."

'தெரியாது' என்று ஒரு டாக்டர் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. அந்த வார்த்தைக்காகவே அவள் அவரை நம்பினாள் என்று நினைக்கிறேன். பத்துநாள் யோசித்தாள். பாவா, "ஒனக்கு எப்டி தோணுதோ அப்டியே செய்" என்று சொல்லிவிட்டார். இந்தமுறை கையெழுத்தை அவளே போட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக.

சேர்த்துத் தைத்தார்கள். வயிறு அடங்கியது. எடை திரும்பி வந்தது. "அவ்ளோ பாடுபட்டு எளைச்சவ, பழையபடி ஆயிட்டாளே" என்று தெரு உச்சுக்கொட்டியது. அதே தெருதான். அக்கா தறியில் ஏறவில்லை. வாசலோரம் பெஞ்சு போட்டு உட்கார்ந்து நூல் சுற்றினாள். வயிறாரச் சோறு தின்றாள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று தின்றாள். அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேல் இருந்தாள்.

இப்போது அந்த ஆபரேஷனெல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் மகள் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள். எனக்கு ஆபரேஷன் மேல் கோபமில்லை. ஒரு பெண் தன் வயிற்றைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு அவள் வாயைக் குத்திக்காட்டிப் பதில் சொன்னவர் மேல்தான் கோபம். அங்கே பேசாமல் நின்ற என் மேலும்தான்.

சின்ன டாக்டரிடம் கடைசியாகச் சோதனைக்குப் போனபோது அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒரு மருத்துவப் பத்திரிகையை எடுத்துக் காட்டினார். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அக்காவின் இரண்டு படங்கள், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும். கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை. கீழே எழுதியிருந்ததை நானே படித்துச் சொன்னேன்: நோயாளி மகிழ்ச்சியாக இருக்கிறார், முன்புபோல் நெசவு செய்கிறார்.

அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தாள். "கண்ண ஏன் மூடிக்கீறாங்க?"

"யார்னு அடையாளம் தெரியக் கூடாதுன்னும்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"ஆங். தெரிஞ்சாதானே யார்னா வூடு தேடி வந்து நெசமான்னு கேப்பாங்க" என்றாள் அக்கா.

அந்தப் பத்திரிகை இன்றைக்கும் ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கும். அதில் என் அக்கா சந்தோஷமாக இருக்கிறாள், தறி நெய்துகொண்டிருக்கிறாள்.