ஆரோக்கியமேரி அம்மாவும் ஒடிந்த இலைநுனிகளும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கண் மருத்துவரைப் பார்க்க விழுப்புரம் போவதற்காகத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ஆரோக்கியமேரி அம்மாவின் மகள் ஜெனிதா கைப்பேசியில் அழைத்தார். "அம்மா போயிட்டாங்க சார், விடியக்காலம்" என்றார். வந்த பேருந்தில் ஏறாமல் விட்டேன். அடுத்ததில் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வேறொரு வண்டியைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை. அன்றிலிருந்து எங்கும் சரியாக உட்கார முடியவில்லை.

எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர், நான் விரிவுரையாளர். ஏறக்குறைய ஒரே வயது. அனந்தபுரத்துப் பக்கம், சொந்த நிலம் இல்லாத குடும்பம். பள்ளி விடுமுறை முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்து வளர்ந்தவர். இலையைத் தடவியே பெயர் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டால், "களைன்னு பயிரைப் புடுங்கினா கொல்லைக்காரரு சும்மா விடுவாரா சார்" என்று சிரிப்பார்.

பறித்து வரும் செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் பலகைகளால் அழுத்தி, காய்ந்தபின் அட்டையில் ஒட்டிப் பாதுகாக்கும் அறை அவர் பொறுப்பில் இருந்தது. ஈரம் ஊறிய தாளை மாற்றிவிட்டுத்தான் காலை டீ. அவர் சொல்லாமல் யாரும் பலகையைத் திறக்கக் கூடாது, துறைத் தலைவராக இருந்தாலும் சரி. பிடிவாதக்காரர். எனக்கும் அவருக்கும் வாரம் ஒரு சண்டை. மறுநாள் நான் முறைத்துக்கொண்டு வருவேன், அவர் ஒன்றும் நடக்காததுபோல் வணக்கம் சொல்வார்.

ஒரு முறை மாணவர்களோடு மண்டகப்பட்டுக்குப் போயிருந்தோம். எல்லாரும் குகைக்கோயிலின் தூண்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பாறைக்குப் பின்னால் போய் ஒரு கொடியோடு வந்தார். நான் பார்த்ததும் ஒரு சாதாரணக் கொடியின் பெயரைச் சொன்னேன். அவர் இலைநுனியைக் கட்டைவிரலில் வைத்துக் காட்டினார்.

"அதுக்கு நுனி அக்யூட் சார், ரெண்டு ஓரமும் நேரா வந்து முடிஞ்சிடும். இது அப்படி இல்லீங்க. வர்ற வழியிலயே உள்வாங்கிக்கினு, அப்புறம் மெல்லிசா இழுத்துக்கினு போவுது பாருங்க. இது அக்யூமினேட். இது வேற கொடி."

பாடப்புத்தகத்தில் நான் இரண்டு பக்கம் நடத்துவது இவ்வளவுதான். சரி, பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.

அது மழைக்காலம். அடுத்த வாரம் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று மேரி அம்மா இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தார். எனக்கோ அவசரம். மாற்றுச் சாவியால் அறையைத் திறந்து, சொதசொதவென்று இருந்த தாளிலிருந்து அந்தக் கொடியை உரித்தேன். இலைகள் வந்தன. நுனிகள் தாளோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அந்தத் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். மொட்டையாகி நின்ற இலையைப் பார்த்து, நுனி 'அக்யூட்' என்று எழுதி, நான் முதலில் சொன்ன பெயரையே ஒட்டினேன். அவர் சொன்னது மறந்துபோகவில்லை. உதவியாளர் சொல்லி நான் எழுதுவதா என்கிற திமிர்.

மறு ஆண்டு, சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர் எங்கள் துறையின் செடிப் பட்டியலோடு மண்டகப்பட்டுக்குப் போய், அதே கொடியின் பச்சைக் கிளையோடு திரும்பி வந்தார். முதல்வர் அறையில் அதையும் எங்கள் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார். நுனி எப்படி ஒடிந்தது? செடியை அழுத்துவது மேரி அம்மாவின் வேலை என்று சொன்னேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். மேரி அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். இனிக் கவனமாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ரசாயனப் பொருள்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

கிடங்குக்குப் போன அன்று நடையில் எதிரே வந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன்.

"சார், அந்த அட்டையை மட்டும் திருத்திடுங்க. பின்னால வர்ற புள்ளைங்க அதைப் பாத்துத்தான் படிக்கும்."

மறுநாளே திருத்தினேன். கொடிக்கு அதன் பெயர் கிடைத்தது. அவர் பெயரில் ஒட்டிய கறையை நான் தொடவே இல்லை. பிறகு நானும் ஓய்வு பெற்றேன். அவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன், சொல்லிவிட வேண்டும் என்றுதான். கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். சர்க்கரை வியாதி, மகளின் வேலை, ரயில் தாமதம் என்று எல்லாம் பேசினோம். சொல்லாமலே திரும்பினேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெனிதா வந்தார். முப்பதாம் நாள் பூசைக்குப் பின் வாசிக்க அம்மாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுந்து போகும்போது தயங்கி நின்றார்.

"ஒண்ணு மட்டும் எழுதுங்க சார். அம்மாவை ஏன் அந்த ரூமை விட்டு அனுப்புனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எப்பக் கேட்டாலும், சாரைக் கேட்டுக்கோன்னு சொல்லிடுவாங்க. உங்களைக் கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல."

அரைப் பக்கம் கேட்டீர்கள் ஜெனிதா, நீண்டுவிட்டது. சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். முதல்வருக்கும் ஒரு படி அனுப்பிவிட்டேன். நுனியை ஒடித்தவன் நான். உங்கள் அம்மா அன்று அந்த அறையிலேயே இல்லை.

மேரி அம்மா, நிம்மதியாகப் போய் வாருங்கள்.