கொலைகார நாகப்பன்

பென்னலூரில் பம்புசெட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த நாகப்பன் பரம சாது. தடித்த புருவமும் கரகரத்த குரலும் வாய்த்த பாவத்துக்கு, காணும் பொங்கல் நாடகத்தில் வருஷா வருஷம் அவன்தான் கொலைகாரன். நாடகம் எழுதும் செல்வநாதன் வாத்தியார் கடைசிக் காட்சிவரை மர்மத்தைக் கட்டிக் காப்பார். ஜனங்களோ நாகப்பன் மேடையேறியதுமே "இவன்தான்" என்று முடிவுகட்டிவிட்டு வேர்க்கடலை உரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ரகுபதியின் மகள் கனகத்தை, நண்பர்கள் நாங்கள் அவனுக்குப் பெண் கேட்டுப் போனபோதுதான் வினை வந்தது. வருஷத்துக்கு ஒருத்தர் கழுத்தை நெரிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்றார் ரகுபதி. நடிப்புதானே என்றோம். மனசில் இல்லாதது கைக்கு எப்படி வரும் என்று கேட்டார். இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

நாகப்பன் வாத்தியாரிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வேஷம் வாங்கினான். ஊரே கொண்டாடும் தபால்காரர் கோதண்டராமன், டாக்டராக வந்தார். டாக்டர்தான் கொலைகாரர். இது வாத்தியாருக்கும் அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். கடைசிக் காட்சிக்கு ஒத்திகைகூடக் கிடையாது. நான்தான் பிணம். என்னைக் கொன்றது யாரென்று எனக்கே சொல்லவில்லை.

கடைசிக் காட்சியில் நாகப்பன் காக்கி உடுப்பில் வந்து, என்னைச் சுற்றி நின்றவர்களை விசாரித்தான். ஒருத்தரும் நம்பவில்லை. போலீஸ் வேஷத்தில் தப்பிக்கப் பார்க்கிறான் என்று கூச்சல் கிளம்பியது. முன்வரிசையிலிருந்த ரகுபதியே எழுந்து, கொன்றவன் இவன்தான், விடாதீர்கள் என்றார். நாகப்பனுக்கு வசனம் மறந்துபோயிற்று.

பெண்கள் பக்கத்திலிருந்து கனகம் எழுந்தாள்.

"அவரு இல்லப்பா. டாக்டருதான் ஊசில விஷம் வச்சாரு. இப்ப அவரே சொல்லுவாரு, கொஞ்சம் கம்முனு கேளேன்."

கூட்டம் அடங்கியது. திரைக்குப் பின்னால் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. ரகுபதி மகளையே பார்த்தார். இத்தனை நாடகம் பார்த்ததில் அவருக்கும் துப்பறியும் புத்தி வந்திருக்க வேண்டும்.

"டாக்டருன்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

கனகம் தலை குனிந்தாள். ரகுபதி வாத்தியாரைக் கேட்டார். மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று உள்ளிருந்து பதில் வந்தது. தபால்காரர், தாம் யாரிடமும் மூச்சு விடவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நாகப்பன் தொப்பியைக் கழற்றினான்.

"நான்தாங்க சொன்னேன். ரெண்டு பேரும் பேசிக்கினுதான் கீறோம். தப்பு என்னுது. கனகத்த ஒண்ணும் சொல்லாதீங்க."

மேடையேறி அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ரகுபதி நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்ட ஒடனே ஒத்துக்கிறான். இவனப் போயி கொலைகாரன்னு நெனச்சிக்கினு இருந்தேன் பாரு. வைகாசில நல்ல நாளு பாருங்க."

நாகப்பன் அங்கேயே விம்மி அழுதான். சந்தோஷத்தில் எனக்கும் கண் நிறைந்தது. பிணமாயிற்றே என்று துடைக்காமல் கிடந்தேன்.